ஈரத்தடம்

நுழையும்முன்

விரைவுக்காகவே உருவாக்கப்பட்ட ஊர்தி, மழை பெய்தவுடன் தன் இயல்பை மாற்றிக்கொள்ள நேர்கிறது. எந்திரத்தின் ஆற்றல் குறையவில்லை. ஓட்டுநரின் திறமையும் குறையவில்லை. குறைந்தது தரையின் பிடிமானம் மட்டுமே. அந்தக் குறைவை எதிர்கொள்ளப் பந்தயக் காரில் செய்யப்படும் திருத்தங்களையும் அவற்றின் பின்னுள்ள இயற்பியலையும், எந்தத் திருத்தத்தாலும் ஈடுகட்ட இயலாத எல்லையையும் பற்றியது இப்பாடம்.

கடைசியில் நின்ற கார்

2007ஆம் ஆண்டு ஜூலை 22. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஐரோப்பிய கிராண்ட் பிரீ பந்தயம் தொடங்கவிருந்தது. வரிசையில் 22 கார்கள் நின்றன. கடைசி இடத்தில், அவ்வாண்டின் வேகம் குறைந்த அணிகளுள் ஒன்றான ஸ்பைக்கரின் காரில் மார்கஸ் விங்கல்ஹாக் அமர்ந்திருந்தார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் அவர் இறங்குவது அதுவே முதல்முறை. வானம் இருண்டிருந்தது, மழை எந்நேரமும் கொட்டலாம் என்ற நிலை. ஆயினும் எல்லாக் கார்களிலும் உலர்ந்த தரைக்கான டயர்களே பூட்டப்பட்டிருந்தன.

பந்தயத்துக்கு முன் கார்கள் அனைத்தும் மெதுவாக ஒரு சுற்று வந்து மீண்டும் வரிசையில் நிற்பது வழக்கம். அச்சுற்றின் முடிவில் ஸ்பைக்கர் அணி, தன் ஓட்டுநரை வரிசைக்குச் செல்லவிடாமல் 'பிட்' எனப்படும் பணிப்பகுதிக்குள் அழைத்தது. மழை டயர்களைப் பூட்டி, அங்கிருந்தே அவரைப் புறப்படச் செய்தது. கடைசியில் நிற்பவருக்கு இழப்பதற்கு இடம் ஏதுமில்லை என்பதும் இம்முடிவுக்குத் துணைசெய்திருக்கலாம். முதற்சுற்று முடிவதற்குள் மழை கொட்டத் தொடங்கியது. முன்னே சென்றவர்கள் வழுக்கியவாறே டயர் மாற்றப் பிட்டுக்குள் நுழைந்தனர். விங்கல்ஹாக் அவர்களைக் கடந்து சென்றார். இரண்டாம் சுற்றில், பிட்டுக்குள் நுழைய முயன்று வழுக்கித் தடத்திலேயே தங்கிவிட்ட கிமி ரைக்கோனனையும் முந்தி முதலிடம் பிடித்தார். உலகின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் இருந்தனர்.

அதே வேளையில் முதல் வளைவுக்கு முன்பாக, தடத்தின் குறுக்கே மழைநீர் ஓடையாகப் பாயத் தொடங்கியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த கார்கள் அதே இடத்தில் பிடியிழந்து, அதே சரளைப் பரப்பில் போய் நின்றன. அவற்றுள் ஒன்று லூயிஸ் ஹாமில்டனுடையது. பந்தயம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது வேகமான கார்கள் விங்கல்ஹாக்கை முந்திச் சென்றன. சிறிது நேரத்தில் அவருடைய காரும் பழுதாகி நின்றுவிட்டது. அதன்பின் அவர் ஃபார்முலா ஒன் பந்தயம் எதிலும் ஓடவில்லை. தாம் ஓடிய ஒரே பந்தயத்தில் முதலிடத்தில் சென்றவர் என்னும் பெயர் மட்டும் அவருக்கு நிலைத்தது.

ஓர் எளிய காரை முதலிடத்துக்கு உயர்த்தியதும், வலிய கார்களைச் சரளையில் தள்ளியதும் ஒரே மழைதான். அந்த மழை டயருக்கும் தரைக்கும் இடையே செய்தது என்ன?

மிதக்கும் டயர்

கார் எவ்வளவு பெரிதாயினும் அது தரையைத் தொடுவது நான்கு சிறு பரப்புகளில் மட்டுமே. முடுக்குவதும் நிறுத்துவதும் திருப்புவதும் அந்நான்கு பரப்புகளின் உராய்வால் நிகழ்கின்றன. உலர்ந்த நாளில் பந்தயக் காரின் டயரில் பள்ளங்கள் இருப்பதில்லை. முகம் மழமழவென்று இருந்தால்தான் மிகுதியான ரப்பர் தரையோடு ஒட்டும். (1998 முதல் 2008 வரை வேகத்தைக் குறைக்கும் பொருட்டு, உலர் டயரிலும் சில நேர்க்கோட்டுப் பள்ளங்கள் இருக்கவேண்டும் என்று ஃபார்முலா ஒன் விதித்திருந்தது. அவை மழைநீரை வெளியேற்றுவதற்கு ஏற்ற வடிவமைப்பு உடையவை அல்ல.)

தரையில் நீர்ப்படலம் இருக்கும்போது, டயர் முதலில் அந்நீரை விலக்கிவிட்டே தரையைத் தொடமுடியும். மெல்லச் செல்லும்போது நீர் ஒதுங்க நேரம் கிடைக்கிறது. வேகம் கூடக்கூட அந்நேரம் குறைகிறது. ஒரு கட்டத்தில் நீர் ஒதுங்குவதற்குள் டயர் அதன்மேல் ஏறிவிடுகிறது. டயரின் முன்விளிம்பில் ஆப்புப்போல் திரளும் நீரின் அழுத்தம், டயர் தரையை அழுத்தும் அழுத்தத்துக்கு இணையாகும்போது டயர் தரையைவிட்டு எழும்பி நீரின்மேல் மிதக்கிறது. இதனை நீர்மிதப்பு எனலாம். இந்நிலையில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக்கை அழுத்தினாலும் வேகம் குறையாது. நூர்பர்க்ரிங்கின் முதல் வளைவில் நிகழ்ந்தது இதுவே. ஓட்டுநர்களின் திறமைக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

நீர் தேங்கிய ஓடுபாதையில் விமானச் சக்கரங்கள் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்குகின்றன என்பதை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அதிலிருந்து கிடைத்த எளிய விதி: டயரின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால், மிதப்பு தொடங்கும் வேகம் நாட்டிக்கல் மைல் கணக்கில் கிடைக்கும். அழுத்தம் 25 பவுண்டு எனில் 45 நாட்டிக்கல் மைல். அதாவது மணிக்கு ஏறத்தாழ 83 கி.மீ. அழுத்தம் 36 பவுண்டு எனில் 54 நாட்டிக்கல் மைல். அதாவது மணிக்கு 100 கி.மீ. பள்ளமுள்ள டயருக்கும் ஆழம் குறைந்த நீருக்கும் இவ்வெண்கள் அப்படியே பொருந்தா. ஆயினும் அழுத்தம் கூடினால் மிதப்பு தள்ளிப்போகும் என்ற போக்கு பொதுவானது.

மழை டயரின் முகத்தில் வெட்டப்பட்டுள்ள பள்ளங்கள் நீர் வெளியேறுவதற்கான வாய்க்கால்கள். ஃபார்முலா ஒன் பந்தயங்களுக்கு டயர் வழங்கும் பிரெல்லி நிறுவனத்தின் கணக்குப்படி, மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் செல்லும் காரின் முழு மழை டயர் ஒன்று விநாடிக்கு 85 லிட்டர் நீரை விலக்குகிறது. நம் வீட்டுக் குடங்களில் ஐந்தாறு குடம் தண்ணீரை ஒரு விநாடியில் ஒரு டயர் வாரி இறைக்கிறது! தூறலுக்கும் பாதி உலர்ந்த தரைக்கும் உரிய இடைநிலை டயர் விநாடிக்கு 30 லிட்டர் வரை விலக்கும். முழு மழை டயருக்கு நீலக் குறியும், இடைநிலை டயருக்குப் பச்சைக் குறியும் இடப்பட்டிருக்கும்.

மழை டயரின் ரப்பர் மென்மையானது. நீரால் தொடர்ந்து குளிர்விக்கப்படும் டயர், குறைந்த வெப்பத்திலேயே தரையைப் பற்றவேண்டும் என்பதே அதற்குக் காரணம். இதனால் ஒரு சிக்கலும் உண்டு. மழை நின்று தரை உலரத் தொடங்கினால், குளிர்விக்க நீர் இல்லாமல் அந்த மென்ரப்பர் சூடேறிச் சிதையத் தொடங்கும். உலரும் தடத்தில் ஓட்டுநர்கள் நேர்ப்பாதைகளில் வேண்டுமென்றே ஈரமான ஓரத்தை நாடிச் செல்வதைக் காணலாம். அவர்கள் டயரை நீரில் நனைத்துக் காக்கின்றனர்.

காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை பொறியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நீர் மிகுதியாகத் தேங்கிய தடத்தில் பெரும்பாலோர் அழுத்தத்தைக் கூட்டுவர். மேற்கண்ட விதிப்படி மிதப்பு தள்ளிப்போகும். டயரின் நடுப்பகுதி சற்றே புடைத்துப் பள்ளங்கள் விரிந்து நீரை எளிதில் விடும். மேலும் உலர் நாளில் டயர் சூடாகும்போது உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் தானாக உயர்கிறது. ஈரத்தில் அவ்வுயர்வு குறைவாதலால் தொடக்கத்திலேயே கூடுதலாக அடைப்பது தேவையாகிறது. வெறும் ஈரப்பதம் மட்டும் இருக்கும் தடத்திலோ, டயர் விரைவில் சூடேறட்டும் என்று அழுத்தத்தைக் குறைப்பவரும் உளர். இரண்டுமே சரிதான். இரண்டு மழைகளும் ஒன்றல்ல.

பங்கீடு

டயருக்கு அடுத்த நிலையில் வருவது காரின் 'செட்டப்'. சுருள்வில், பிரேக், இறக்கை, தரையிலிருந்து காரின் உயரம் முதலியவற்றைக் குறிப்பிட்ட தடத்துக்கும் ஓட்டுநருக்கும் ஏற்பச் சரிசெய்து வைப்பதையே இச்சொல் குறிக்கிறது. இதனை அமைவு என்று சொல்லலாம். மழைக்கால அமைவு காரில் புதிதாகப் பிடிமானத்தை உண்டாக்குவதில்லை. தரை அளிக்கும் சிறிதளவு பிடிமானத்தை நான்கு சக்கரங்களுக்கும் வீணின்றிப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இதனைத் தெளிவாகக் காட்டுவது பிரேக்.

ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது பயணிகள் முன்னோக்கிச் சாய்கின்றனர். காரிலும் பிரேக் பிடிக்கும்போது எடையின் ஒரு பகுதி முன்சக்கரங்களின்மேல் சாய்கிறது. எவ்வளவு சாயும் என்பது வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதையும், காரின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதையும், முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவையும் பொறுத்தது. ஓர் எளிய காரை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது அதன் எடை முன்னும் பின்னும் சரிபாதி. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் உள்ளது. சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர் தொலைவு. காற்றின் விளைவுகளைத் தற்போதைக்கு ஒதுக்கிவைப்போம். உலர்ந்த தரையில் இந்தக் கார் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 1.2 மடங்கு எதிர்முடுக்கத்துடன் நிற்க முடியும் என்றால், பிரேக் பிடிக்கும்போது மொத்த எடையில் 69 விழுக்காடு முன்சக்கரங்களின்மேல் இருக்கும். ஈரத்தில் பிடிமானம் பாதியாகக் குறைந்து எதிர்முடுக்கம் 0.6 மடங்கு ஆனால், முன்சக்கரங்களின்மேல் இருக்கும் எடை ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே.

உலர் நாளுக்கென்று பிரேக் விசையில் 69 பங்கு முன்னுக்கும் 31 பங்கு பின்னுக்கும் பிரித்து வைத்திருந்த பொறியாளர், மழையில் அதை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? முன்சக்கரங்கள் தாங்கும் எடைக்கு மீறிய பிரேக் விசை அவற்றின்மேல் விழும். அவை சுழல்வதை நிறுத்தி வழுக்கும். வழுக்கும் சக்கரம் திசை திருப்பாது. எனவே பிரேக் விசையின் ஒரு பகுதி பின்னோக்கி மாற்றப்படுகிறது. அளவுக்கு மீறி மாற்றினாலோ பின்சக்கரங்கள் வழுக்கி, கார் பம்பரமாய்ச் சுழன்றுவிடும். முன்சக்கரம் வழுக்குவதைவிட இதுவே பெரிய இடர். ஆகவே பெரும்பாலான பந்தயக் கார்களில் இதற்கென ஒரு திருகியோ விசையோ ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மழை வலுக்கும்போதும் தணியும்போதும் அவர் அதைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே செல்கிறார்.

பிடிமானம் பாதியானால் நிற்கும் தொலைவு இரு மடங்காகும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் வரும் மேற்கண்ட கார், உலர் தரையில் ஏறத்தாழ 106 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் 212 மீட்டர் தேவைப்படும். நேற்று எந்தப் பலகையைக் கண்டதும் பிரேக்கை அழுத்தினாரோ, அதற்கு வெகுமுன்னரே இன்று அழுத்தவேண்டும்.

கார்பனால் ஆன பிரேக் தட்டுகள் சில நூறு பாகை வெப்பத்தை எட்டினால்தான் நன்கு வேலை செய்யும். மழையில் அவை எளிதில் குளிர்ந்துவிடுவதால், பிரேக்குக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்வாயின் ஒரு பகுதியை அடைப்பதும் உண்டு.

வளைவுகளிலும் இதே எடைச்சாய்வு பக்கவாட்டில் நிகழ்கிறது. உலர் நாளில் கார் வளைவில் வேகமாகத் திரும்புவதால், உடல் ஒருபுறம் மிகுதியாகச் சாயாமலிருக்கக் கடினமான சுருள்விற்களும், இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வைத் தடுக்கும் தண்டுகளும் தேவைப்படுகின்றன. மழையில் திரும்பும் விசை குறைவு, சாய்வும் குறைவு. எனவே இவற்றைத் தளர்த்த முடிகிறது. தளர்த்துவதால் எடை ஒரு சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் திடுமென விழாமல் மெல்ல மாறுகிறது. ஈரத்தரை திடீர் மாற்றங்களைப் பொறுப்பதில்லை. கார் வழுக்கப் போகிறது என்பதை ஓட்டுநர் ஒரு கணம் முன்னதாக உணர்வதற்கும் இத்தளர்வு உதவுகிறது. அந்த ஒரு கணம் பெரிது. உலர் நாளில் உச்சிப்பகுதி உட்புறமாகச் சாய்த்து வைக்கப்படும் சக்கரங்களும் மழையில் சற்று நிமிர்த்தப்படுகின்றன.

இறக்கையின் கதை வேறு. பந்தயக் காரின் இறக்கை விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்றது. அது காரைத் தரையோடு அழுத்துகிறது. இவ்விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். ஈரத்தில் வளைவின் வேகம் குறைவதால் இறக்கையின் அழுத்தும் விசையும் குறைந்துபோகிறது. தரை ஒருபுறம் கைவிட, காற்றும் மறுபுறம் கைவிடுகிறது. இதை ஓரளவு ஈடுசெய்ய இறக்கையின் கோணத்தைக் கூட்டுவர். அதனால் நேர்ப்பாதையில் காற்றின் தடை மிகும் என்றாலும், மழைநாளில் அங்கே உச்ச வேகத்தை எட்டும் வாய்ப்பு எப்படியும் குறைவுதான். காரின் அடிப்பகுதி தேங்கிய நீரில் உரசினால் டயர் மிதக்கும் முன்பே கார் மிதந்துவிடும். ஆகவே தரையிலிருந்து காரின் உயரத்தையும் சற்றுக் கூட்டுவது வழக்கம்.

ஆற்றல் மிக்க எந்திரம், காலின் சிறு அசைவுக்கும் சீறிப் பாயாதபடி அதன் மறுவினையை மென்மைப்படுத்துவர். ஓட்டுநரும் வழக்கத்தைவிட உயர்ந்த கியரில் வளைவைக் கடந்து, பின்சக்கரங்களுக்குச் செல்லும் முறுக்குவிசையைத் தணித்துக்கொள்வார்.

பழகிய பாதை பகையாதல்

உலர் நாளில் எல்லாக் கார்களும் ஒரே வளைகோட்டில் செல்வதால் அக்கோட்டின்மேல் டயர்களின் ரப்பர் படிந்துவிடுகிறது. காய்ந்திருக்கும்போது நல்ல பிடிமானம் தரும் அந்த ரப்பர்ப் படிவு, நனைந்ததும் வழுக்குப்பாறை போலாகிவிடும். தேர்ந்த ஓட்டுநர்கள் மழையில் அதைவிட்டு விலகி, ரப்பர் படியாத சொரசொரப்பான வெளிப்புறத்தை நாடுவர். சாலையில் தீட்டிய வண்ணக்கோடுகளும் இதுபோன்றவையே. பொதுச்சாலைகளைப் பந்தயத்தடமாக மாற்றும் நகரங்களில் இவ்விடர் கூடுதல். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் அமைந்த தடத்தில் இரவுப் பந்தயம் தொடங்கவிருந்தபோது பெய்த மழையால் முதல்நாள் நிகழ்ச்சிகள் தாமதமாயின. அதற்கு முந்தைய டிசம்பரில் நடைபெறவிருந்த அதே பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிவைக்கப்பட்டது.

வானத்தோடு ஒரு பந்தயம்

மேற்கூறிய திருத்தங்கள் அனைத்தும் மழை பெய்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் செய்யப்படுபவை. மழை பாதியில் நின்றுவிட்டால் தளர்த்திய சுருள்வில்லும் நிமிர்த்திய சக்கரமும் கூட்டிய இறக்கையும் சுமையாகிவிடும். 

1996ஆம் ஆண்டு ஜூன் 2 அன்று பார்சிலோனா நகருக்கு அருகே நடந்த ஸ்பெயின் கிராண்ட் பிரீயில் மழை நிற்கவில்லை. மைக்கேல் ஷூமாக்கர் தொடக்கத்தில் பின்தங்கியபோதும், பின்னர் ஒவ்வொருவராக முந்தி, இரண்டாமவரைவிட 45 விநாடி முன்னதாக வந்து ஃபெராரி அணிக்காகத் தம் முதல் வெற்றியைப் பெற்றார். முடிவுக்கோட்டை எட்டியவை ஆறு கார்கள் மட்டுமே. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1993 ஏப்ரல் 11 அன்று இங்கிலாந்தின் டோனிங்டன் தடத்தில் மழை பெய்வதும் நிற்பதுமாக இருந்தது. ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட அயர்ட்டன் சென்னா, முதற்சுற்று முடிவதற்குள் நால்வரையும் முந்தி முதலிடம் அடைந்தார். அந்தச் சுற்றையே பலரும் பேசுவர். எனினும் அன்றைய பந்தயத்தின் போக்கைத் தீர்மானித்ததில் டயர் மாற்றிய நேரங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. மழையைத் துரத்திக்கொண்டே சென்ற அலன் புரோஸ்ட் ஏழுமுறை பிட்டுக்குள் வந்து, ஒரு சுற்று பின்தங்கி மூன்றாம் இடம் பெற்றார். சில வேளைகளில் தூறல் தொடங்கிய பின்னும் உலர் டயரிலேயே பொறுத்திருந்து ஓடிய சென்னா, இரண்டாமவரைவிட 83 விநாடி முன்னதாக வந்தார்.

அக்காலத்தில் பந்தய நாள் காலையில் மழையைக் கண்டால் காரின் அமைவை மாற்றிக்கொள்ள முடிந்தது. 2003 முதல் அவ்வசதி இல்லை. தகுதிச்சுற்று தொடங்கியதிலிருந்து பந்தயம் தொடங்கும்வரை காரின் பெரும்பாலான உறுப்புகளில் கைவைக்கக் கூடாது என்பது விதி. சனிக்கிழமை வெயிலில் தகுதிச்சுற்று. ஞாயிற்றுக்கிழமை மழை என்ற முன்னறிவிப்பு. மழைக்கு ஏற்ற அமைவைத் தேர்ந்தால் சனிக்கிழமை பின்வரிசைக்குத் தள்ளப்படலாம். வெயிலுக்கு ஏற்றதைத் தேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை வழுக்கி விழலாம். சுருள்வில் எதுவாக இருக்கட்டும் என்ற முடிவை, மறுநாள் மேகம் என்ன செய்யும் என்பதை அறியாமலேயே பொறியாளர் எடுத்தாகவேண்டும். பின்னர் அவர் கையில் எஞ்சுவன டயரும் அதன் அழுத்தமும் முன் இறக்கையின் கோணமும், ஓட்டுநரின் விரலுக்கு எட்டும் சில திருகிகளும் மட்டுமே. விதி கடுமையானதாகத் தோன்றலாம். ஆனால் சிறிய அணிகளுக்கு எப்போதேனும் வாய்ப்புக் கிடைப்பதும் இத்தகைய நிச்சயமின்மையால்தான்.

கண்ணுக்கு முன் வெண்திரை

அமைவு எவ்வளவு சிறந்ததாயினும் தீர்க்கமுடியாத ஒன்று உண்டு. டயர் விலக்கும் நீர் எங்கே செல்கிறது? நுண்துளிகளாகச் சிதறிப் பின்னால் வருபவரின் கண்முன் வெண்திரையாக எழுகிறது. டயர் எவ்வளவு திறமையாக நீரை இறைக்கிறதோ, அவ்வளவுக்கு அத்திரை அடர்த்தியாகிறது. பின்னால் வரும் ஓட்டுநருக்கு முன்னால் செல்லும் காரின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும். சிலபொழுது அதுவும் தெரியாது.

2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுசுகா தடத்தில், மழையில் தடம்விலகிய ஜூல் பியாங்கியின் கார், வேறொரு காரை அகற்றிக்கொண்டிருந்த மீட்பு ஊர்தியின்மேல் மோதியது. தலையில் பெருங்காயமுற்ற அவர் அடுத்த ஆண்டு ஜூலையில் உயிரிழந்தார். அதன்பின் விதிகள் இறுகின. மழைநாள் முடிவுகளில் எச்சரிக்கை கூடியது. 2021 ஆகஸ்ட் 29 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தும் மழை விடவில்லை. பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் மட்டும் வந்து, யாரும் யாரையும் முந்தாமலேயே பந்தயம் முடிக்கப்பட்டுப் பாதிப் புள்ளிகள் வழங்கப்பட்டன. நனைந்து காத்திருந்த பார்வையாளர்களின் ஏமாற்றம் நியாயமானதே. எதிரே ஏதும் தெரியாத ஓட்டுநர்களின் அச்சமும் நியாயமானதே. நுண்துளிகளைத் தடுக்கச் சக்கரங்களின்மேல் மூடிகளைப் பொருத்தும் சோதனைகள் அதன்பின் நடத்தப்பட்டன.

இரண்டு சுற்றுகள்

1976ஆம் ஆண்டு அக்டோபர் 24. ஜப்பானின் ஃபூஜி மலையடிவாரத்தில் அவ்வாண்டின் இறுதிப் பந்தயம். ஆஸ்திரியாவின் நிக்கி லவுடா உலக வாகையர் பட்டத்துக்கான பட்டியலில் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். அடுத்த நிலையில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹண்ட். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று நூர்பர்க்ரிங்கின் பழைய தடத்தில், எரியும் காருக்குள் சிக்கி லவுடா உயிருக்குப் போராடியிருந்தார். ஆறே வாரங்களில், தீப்புண்களின் கட்டு அகலுமுன் மீண்டும் காரில் ஏறியவர் அவர். இமைகள் பாதிக்கப்பட்டிருந்ததால் கண்களை இயல்பாகச் சிமிட்டவும் அவரால் இயலவில்லை.

ஃபூஜியில் மழை கொட்டியது, மூடுபனியும் சூழ்ந்திருந்தது. தடத்தில் நீர் தேங்கி ஓடியது. பந்தயத்தைத் தொடங்குவதா வேண்டாவா என்று நீண்ட நேரம் பேசப்பட்டு, இறுதியில் தொடங்கப்பட்டது. இரண்டு சுற்றுகள் முடிந்ததும் லவுடா காரைப் பிட்டுக்குள் செலுத்தி நிறுத்தினார். எந்திரம் நன்றாக இருந்தது. டயர்களில் குறையில்லை. ஓட்டுவது அறிவுடைமை ஆகாது என்பதே அவர் முடிவு. எந்திரக் கோளாறு என்று அறிவித்துவிடலாம் என அணியின் பொறியாளர் கூறியதை அவர் ஏற்கவில்லை. எமர்சன் ஃபிட்டிபால்டியும் கார்லோஸ் பாச்சேயும் அன்று தாமாகவே விலகிக்கொண்டனர்.

பின்னர் மழை ஓய்ந்து தடம் உலரத் தொடங்கியது. மழை டயர்களைப் பொறுமையாகக் காத்துக்கொண்ட மாரியோ ஆண்ட்ரெட்டி வெற்றிபெற்றார். டயர் தேய்ந்து பிட்டுக்குள் வந்து பின்தங்கிய ஹண்ட், கடைசிச் சுற்றுகளில் முன்னேறி மூன்றாமவராக வந்தார். அவருக்கு 69 புள்ளிகள், லவுடாவுக்கு 68. ஒரு புள்ளியில் பட்டம் கைமாறியது. அதற்குள் லவுடா தடத்தைவிட்டு வெளியேறி விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருந்தார். அடுத்த ஆண்டு அவர் மீண்டும் உலக வாகையரானார்.